பிராட்பேண்ட் கம்பெனியின் சர்வர் வழியாக ஆபீஸ் மெயிலை அனுப்பலாமா?

கேள்வி சுருக்கமாக இதுதான். பேர்ணாம்பட்டில் ஒரு சின்ன தோல் யூனிட். ஆபீஸில் பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் லினக்ஸ் போட்டு, போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மெயில் அனுப்பும் மென்பொருளை வைத்து, பல வருடமாக அதிலிருந்தே வெளியூர் மெயிலையெல்லாம் அனுப்பி வந்தார்கள். வரும் மெயில் டொமைன் வாங்கிய இடத்திலேயே இருக்கிறது, அதில் தொந்தரவு இல்லை. போன வாரம் பிராட்பேண்டை வேறு கம்பெனிக்கு மாற்றினார்கள். அன்றிலிருந்து ஒரு மெயிலும் வெளியே போகவில்லை. சர்வர்கள் ஒன்றுக்கொன்று மெயில் கொடுக்கும் வாசல் 25ஆம் போர்ட். புதுக் கம்பெனியைக் கேட்டால், "25ஆம் போர்ட்டைத் திறக்க மாட்டோம், எங்கள் சர்வருக்கு யூசர்நேம், பாஸ்வேர்ட் தருகிறோம், அதன் வழியாக ரிலே செய்துகொள்ளுங்கள்" என்கிறார்கள். அப்படிச் செய்யலாமா, செய்தால் இத்தாலி பையருக்குப் போகும் மெயில் ஸ்பாமில் விழுமா, க்யூவில் தேங்கிக் கிடப்பதை என்ன செய்வது? கேட்டவர் அக்கவுண்ட்ஸ் பார்ப்பவர். கம்ப்யூட்டரும் அவர் தலையில்தான். நம் வட ஆற்காட்டுப் பக்கம் பாதி ஆபீஸ்களில் இதுதான் நிலைமை.

தம்பி, செய்யலாம். ஒரு நிபந்தனை மட்டும். 'இந்த மெயில் எங்களுடையதுதான்' என்று காட்டும் உங்கள் டொமைனின் டிகிம் கையெழுத்தை உங்கள் கம்ப்யூட்டரே போட்ட பிறகுதான் மெயில் அவர்கள் சர்வருக்குப் போக வேண்டும். அது முடியாது என்றால், அந்த ரிலேயைக் கேமரா அலாரம், ஸ்கேனர், டேலியிலிருந்து உள்ளூருக்குப் போகும் பில் இதற்கெல்லாம் வைத்துக்கொள்ளுங்கள். பையர் மெயிலை அதில் விடாதீர்கள். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில், நோய் அதுதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஃபோனில் பேசும் சப்போர்ட் ஆள் சொன்னதை மட்டும் நம்ப வேண்டாம். அந்த லினக்ஸ் கம்ப்யூட்டரிலிருந்து ஜிமெயிலின் எம்எக்ஸ் சர்வர் (வரும் மெயிலை வாங்கும் சர்வர்) ஒன்றுக்கு டெல்நெட் என்ற கட்டளையில் 25ஆம் போர்ட்டைத் தட்டிப் பாருங்கள். கர்சர் அப்படியே நின்று, கொஞ்ச நேரம் கழித்து 'கனெக்‌ஷன் டைம்டு அவுட்' என்று வந்தால் வழியில் யாரோ மூடியிருக்கிறார்கள். 220 என்று தொடங்கும் ஒரு வரி உடனே வந்தால் போர்ட் திறந்துதான் இருக்கிறது, சிக்கல் வேறு இடத்தில். 'ரெஃப்யூஸ்டு' என்று சட்டென முகத்தில் அடித்தால், பெரும்பாலும் உங்கள் ரூட்டரோ ஆபீஸ் ஃபயர்வாலோதான் தடுக்கிறது. பிறகு அதே மாதிரி புதுக் கம்பெனி கொடுத்த சர்வரை 587ஆம் போர்ட்டில் தட்டுங்கள். அங்கே 220 வந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

போஸ்ட்ஃபிக்ஸின் லாகையும் திறந்து பாருங்கள். 'டிஃபர்டு' என்று இருந்தால் மெயில் இன்னும் உங்கள் கையில், க்யூவில்தான் இருக்கிறது. 'பவுன்ஸ்டு' என்றால் திரும்பி வந்துவிட்டது. எதிர்ச் சர்வர் தரும் எண்ணில் முதல் இலக்கம் 4 என்றால் 'அப்புறம் வா', 5 என்றால் 'வராதே'. 550 என்று வந்து, அந்த வரியிலேயே, மெயில் வாங்கக் கூடாத இணைப்பு எண்களை (ஐபி) பட்டியல் போடும் ஸ்பாம்ஹவுஸ் அமைப்பின் பெயரும் இருந்தால் அது வேறு கதை. அந்தக் கதையும் உங்களுக்குப் பொருந்தும் என்பதால் சொல்லிவிடுகிறேன்.

ஸ்பாம்ஹவுஸ் வைத்திருக்கும் பட்டியல்களில் பிபிஎல் என்று ஒன்று. வீட்டு இணைப்புகளுக்கும், அடிக்கடி மாறும் ஐபி வாங்கும் இணைப்புகளுக்கும் ஒதுக்கிய எண்கள் மொத்தமாக அதில் இருக்கும். அதில் உங்கள் ஐபி இருந்தால் நீங்கள் குப்பை மெயில் அனுப்பினீர்கள் என்று அர்த்தமில்லை. 'இந்த எண்ணிலிருந்து யாரும் நேரடியாக எங்கள் வாசலுக்கு வந்து மெயில் போடத் தேவையில்லை' என்பதுதான் அர்த்தம். பல நேரம் அந்த எண்களைப் பட்டியலில் சேர்க்கச் சொல்வதே பிராட்பேண்ட் கம்பெனிதான். ஆகவே சண்டை போட்டு 25ஐத் திறந்து வாங்கினாலும், எதிர்ப்பக்கம் கதவு சாத்தித்தான் இருக்கும்.

போர்ட்டை மூடுவதும் அநியாயம் இல்லை. மெயில் அனுப்பும் விதிமுறையான எஸ்எம்டிபி எழுதப்பட்டது 1982இல். அப்போது இருந்த சில நூறு கம்ப்யூட்டர்களுக்குள் ஒருவரை ஒருவர் தெரியும். 'நான் இன்னார்' என்று சொன்னால் நம்பி வாங்கிக்கொள்வார்கள். இன்று தெருவில் ஒரு வீட்டுக் கம்ப்யூட்டரில் வைரஸ் ஏறினால், வீட்டுக்காரருக்குத் தெரியாமலே அது ராத்திரி முழுக்க ஊருக்கெல்லாம் மெயில் அனுப்பும். 25ஐ மூடினால் அது நின்றுவிடும். நியாயமாக மெயில் அனுப்ப வேண்டியவருக்கென்று 1998லேயே 587ஆம் போர்ட்டைத் தனியாக ஒதுக்கிவிட்டார்கள். அதில் பாஸ்வேர்ட் சொல்லித்தான் உள்ளே போக முடியும். யார் அனுப்பியது என்று கணக்கு இருக்கும்.

பொதுமக்களுக்கு இன்டர்நெட் இங்கே வந்தது 1995 ஆகஸ்ட் 15, விஎஸ்என்எல் மூலம். டயல்-அப் காலத்தில் இந்த ரிலேதான் இயல்பான வழி. லைன் கிடைக்கும் நேரத்தில் மொத்தத்தையும் கம்பெனி சர்வரில் தள்ளிவிட்டு ஃபோனை வைத்துவிடலாம், மீதியை அது பார்த்துக்கொள்ளும். பாஸ்வேர்டு கூட வேண்டாம், அவர்கள் லைனில் இருந்து வந்தால் போதும். அந்த நினைப்பில் இருப்பவர்கள்தான் இன்றைக்கும் "ரிலேஹோஸ்ட் ஒரு வரி போட்டால் முடிந்தது" என்று சொல்வார்கள். அந்த வரி மட்டும் போட்டு விட்டால் மெயில் கிளம்பும், சந்தேகமில்லை. எங்கே போய்ச் சேரும் என்பதுதான் இன்றைய கேள்வி.

சரி, அந்த வரியையும் சேர்த்து வேலையைப் பார்ப்போம். போஸ்ட்ஃபிக்ஸின் மெயின்.சிஎஃப் ஃபைலில் ரிலேஹோஸ்ட் என்ற இடத்தில் அவர்கள் சர்வர் பெயரைச் சதுர அடைப்புக்குள் போட்டு, பின்னால் முக்காற்புள்ளி, 587. சதுர அடைப்பை விட்டுவிட்டால் அந்தப் பெயருக்கு எம்எக்ஸ் எங்கே என்று தேடிப் போகும். தேடிப் போய், வரும் மெயிலை வாங்குகிற வேறொரு சர்வரில் முட்டிக்கொண்டு நிற்கும். அடுத்து, பாஸ்வேர்ட் ஃபைல். சர்வர் பெயர் ரிலேஹோஸ்டில் எழுதியபடியே, அடைப்பு, போர்ட் எல்லாம் சேர்த்து இங்கேயும் இருக்க வேண்டும். ஓர் எழுத்து மாறினாலும் பாஸ்வேர்டை எடுக்காது. ஃபைலை எழுதிய பிறகு போஸ்ட்மேப் கட்டளையை ஓட்ட வேண்டும். ஃபைல் அனுமதியை 600 ஆக்கி, ரூட் தவிர யாரும் படிக்காமல் செய்துவிடுங்கள். வழியில் யாரும் படிக்காமல் பூட்டும் டிஎல்எஸ்ஸின் நிலையை 'என்கிரிப்ட்' என்று வைக்கவும். 'மே' என்று விட்டால், எதிர்ப்பக்கம் டிஎல்எஸ் தராத அன்றைக்குப் பாஸ்வேர்ட் திறந்தபடி போகும். அவர்கள் 587 தராமல் 465 கொடுத்தால், ராப்பர்மோட் என்ற வரியையும் 'யெஸ்' ஆக்க வேண்டும். அதைப் போடாமல் 465இல் முயன்றால் இரண்டு பக்கமும் ஒருவர் பேச ஒருவர் காத்திருந்து, கடைசியில் டைம் அவுட் ஆகும்.

இப்போது உங்கள் டொமைன் முகவரியிலிருந்து ஒரு மெயிலை அனுப்பிப் பாருங்கள். சில கம்பெனிகளின் சர்வர் உடனே 553 என்று திருப்பும், 'சென்டர் அட்ரஸ் ரிஜெக்டட், நாட் ஓன்டு பை யூசர்' என்று காரணமும் சொல்லும். அதாவது நீங்கள் லாகின் செய்த பெயர் ஒன்று, மெயிலில் அனுப்புநர் என்று போட்டிருக்கும் பெயர் வேறு. அவர்கள் செய்வது சரிதான். உங்கள் டொமைனை அந்த அக்கவுண்ட்டில் சேர்த்துத் தரச் சொல்லிக் கேளுங்கள். சேர்க்க மாட்டோம், எங்கள் முகவரியிலிருந்துதான் அனுப்ப வேண்டும் என்றால், பேச்சு அங்கேயே முடிந்தது. கும்பிடு போட்டுவிட்டு வேறு இடம் பாருங்கள்.

எந்தக் கேள்வியும் கேட்காமல் எந்த டொமைன் பெயரில் அனுப்பினாலும் வாங்கிக்கொள்கிற சர்வரைக் கண்டால், சந்தோஷப்படாமல் பயப்படுங்கள். எஸ்பிஎஃப் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தால் காரணம் புரியும். உங்கள் டொமைனின் டிஎன்எஸ்ஸில் (டொமைன் பற்றிய பொதுப் பதிவேட்டில்), 'என் பெயரில் மெயில் அனுப்ப இன்னின்ன ஐபிகளுக்கு அனுமதி' என்று எழுதி வைப்பதுதான் எஸ்பிஎஃப். ரிலே வழியாகப் போகும்போது ஜிமெயில் பார்ப்பது உங்கள் ஐபியை அல்ல, பிராட்பேண்ட் கம்பெனி சர்வரின் ஐபியை. ஆகவே அவர்களுடைய எஸ்பிஎஃப்பை நீங்கள் உங்கள் வரிக்குள் 'இன்க்ளூட்' செய்ய வேண்டும். செய்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது அந்த சர்வரில் அக்கவுண்ட் வைத்திருக்கும் ஆயிரக்கணக்கான பேரில் யார் வேண்டுமானாலும் உங்கள் டொமைன் பெயரைப் போட்டு அனுப்பினால், எஸ்பிஎஃப் 'பாஸ்' என்று சொல்லிவிடும். அனுப்புநர் பெயரைச் சரிபார்க்காத சர்வரை இன்க்ளூட் செய்வது, கம்பெனி லெட்டர்பேடைப் பஸ் ஸ்டாண்டில் வைத்துவிட்டு வருவதுதான்.

இன்னொரு விஷயத்தை உங்கள் கேள்வியில் நீங்கள் சொல்லவில்லை, நான் ஊகிக்கிறேன். பழைய கம்பெனியில் ஸ்டாடிக் ஐபி (மாறாத ஐபி) இருந்திருக்கும், அதனால்தான் இத்தனை வருடம் ஓடியது. அந்த ஐபி இன்னும் உங்கள் எஸ்பிஎஃப் வரியில் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் இன்றைக்கே எடுங்கள். அந்த எண் இனி வேறு யாருக்கோ போகும், உங்கள் அனுமதிச் சீட்டோடு சேர்ந்து போகும்.

எஸ்பிஎஃப் வரியைத் திருத்தும்போது பக்கத்தில் புதிதாக இரண்டாவது வரி போடாதீர்கள். ஒரு டொமைனுக்கு ஒரே ஒரு எஸ்பிஎஃப் வரிதான். இரண்டு இருந்தால் இரண்டும் செல்லாது, 'பெர்ம்எரர்' என்று போய்விடும். பழைய வரிக்குள்ளேயே புது இன்க்ளூடைச் சேருங்கள். இன்க்ளூட்களை அடுக்கிக்கொண்டே போகவும் முடியாது. மொத்தம் 10 டிஎன்எஸ் தேடல்தான் கணக்கு, இன்க்ளூடுக்குள் இருக்கும் இன்க்ளூடும் அதில் சேரும்.

அடுத்து ரிட்டர்ன்-பாத். மெயிலில் அனுப்புநர் பெயர் இரண்டு இடத்தில் இருக்கும். பையர் கண்ணில் படுவது 'ஃப்ரம்'. சர்வர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும்போது சொல்வது இன்னொன்று, பவுன்ஸ் திரும்ப வேண்டிய முகவரி அது. எஸ்பிஎஃப் சரிபார்ப்பது இரண்டாவதை. சில ரிலே சர்வர்கள் இந்த இரண்டாவதைத் தங்கள் டொமைன் பெயருக்கு மாற்றிவிடும். அப்போது எஸ்பிஎஃப் பாஸ் ஆகும், ஆனால் அவர்கள் பெயரில் பாஸ் ஆகும். எதிர்ச் சர்வர் செய்யும் டிமார்க் என்ற அடுத்த சோதனை வந்து, 'ஃப்ரம் பெயரும் பாஸ் ஆன பெயரும் ஒன்றா' என்று கேட்கும். இல்லை என்று பதில் வரும். அந்த இடத்தில் உங்களைக் காப்பாற்றுவது டிகிம் மட்டும்தான்.

டிகிம் என்பது மெயிலின் உடலுக்கும் முக்கியமான தலைப்பு வரிகளுக்கும் சேர்த்து உங்கள் சாவியால் போடும் கையெழுத்து. பொதுச் சாவி டிஎன்எஸ்ஸில் இருக்கும், எவரும் சரிபார்க்கலாம். எந்த ஐபியிலிருந்து வந்தது, யார் சுமந்து வந்தார்கள் என்பதை அது பார்ப்பதே இல்லை. ஆகவே நாளைக்கு இந்த பிராட்பேண்டையும் மாற்றினால், ரிலேஹோஸ்ட் வரியையும் பாஸ்வேர்டையும் மாற்றினால் போதும், எஸ்பிஎஃப்பில் ஒரு பெயர் மாறும். கையெழுத்து உங்களுடையதாகவே இருக்கும். பையரின் சர்வர் உங்கள் டொமைனைப் பற்றி இத்தனை நாள் சேர்த்து வைத்த நல்ல பெயரும் அதோடு ஒட்டிக்கொண்டு வரும். நிபந்தனை என்று நான் முதலில் சொன்னதற்கு இதுதான் காரணம்.

லினக்ஸில் கையெழுத்து போடும் ஓப்பன்டிகிம் மென்பொருளைப் போட்டு, போஸ்ட்ஃபிக்ஸோடு மில்டராக (மெயிலை இடையில் வாங்கிப் பார்க்கும் துணை நிரலாக) இணையுங்கள். இரண்டு இடத்தில் இணைக்க வேண்டும். எஸ்எம்டிபி வழியாக உள்ளே வரும் மெயிலுக்கு ஒரு வரி, அதே கம்ப்யூட்டரில் ஸ்க்ரிப்ட் கிளப்பிவிடும் மெயிலுக்கு 'நான்-எஸ்எம்டிபிடி' என்று இன்னொரு வரி. இரண்டாவதை மறந்தால், அவுட்லுக்கில் அடித்த மெயிலெல்லாம் கையெழுத்தோடும், ராத்திரி தானாகப் போகும் ஸ்டேட்மென்ட் மெயில் கையெழுத்தில்லாமலும் போகும். சாவி 2048 பிட் எடுங்கள். டிஎன்எஸ்ஸில் ஒரு டெக்ஸ்ட் துண்டு 255 எழுத்தைத் தாண்டக் கூடாது என்பதால், அந்தச் சாவியை இரண்டு மேற்கோள் துண்டுகளாகப் பிரித்துப் போட வேண்டியிருக்கும். சில டொமைன் விற்பவர்களின் பேனல் தானே பிரித்துக்கொள்ளும், சிலது பாதியை விழுங்கிவிட்டு ஒன்றும் சொல்லாது. போட்ட பிறகு வெளியிலிருந்து ஒருமுறை தேடி, சாவி முழுசாக இருக்கிறதா என்று கடைசி எழுத்து வரை ஒப்பிடுங்கள்.

கையெழுத்து போட்ட பிறகு ரிலே சர்வர் மெயிலின் உடலைத் தொடக் கூடாது. 'வைரஸ் இல்லை என்று பரிசோதிக்கப்பட்டது' என்று அடியில் ஒரு வரி சேர்க்கும் சர்வர்கள் உண்டு. அந்த ஒரு வரியால் கையெழுத்து செல்லாமல் போய்விடும். 'ரிலாக்ஸ்டு' முறையில் கையெழுத்திட்டால் இடைவெளி, வரி முடிவு போன்ற சின்ன மாற்றத்தைப் பொறுத்துக்கொள்ளும், புது வரி சேர்ப்பதைப் பொறுக்காது. அந்த அடிக்குறிப்பை நிறுத்தச் சொல்லுங்கள். முடியாது என்றால், அதே கும்பிடு.

எல்லாம் செய்து முடித்ததும் சரிபார்க்க, ஒரு ஜிமெயில் முகவரிக்கு அனுப்பி, கம்ப்யூட்டரில் திறந்து, மூன்று புள்ளியைத் தொட்டு 'ஷோ ஒரிஜினல்' பாருங்கள். மேலே ஒரு சின்னப் பெட்டியில் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றும் இருக்கும். மூன்றிலும் 'பாஸ்' என்று இருப்பதைப் பார்த்ததும் மூடிவிடாதீர்கள். டிகிம் பாஸுக்குப் பக்கத்தில் எந்த டொமைன் பெயர் இருக்கிறது என்று படியுங்கள். அங்கே பிராட்பேண்ட் கம்பெனி பெயர் மட்டும் இருந்தால், அவர்கள் கையெழுத்துதான் பாஸ் ஆகியிருக்கிறது, உங்களுடையது ஆகவில்லை. டிமார்க் சோதனையில் தேறாத மெயிலை என்ன செய்வது என்று டிஎன்எஸ்ஸில் நீங்களே எழுதலாம். அதை முதலில் 'நன்' (ஒன்றும் செய்யாதே) என்று வைத்து, ரிப்போர்ட் வர ஒரு முகவரி கொடுங்கள். நான்கைந்து வாரம் ரிப்போர்ட் பார்த்தால், உங்கள் பெயரில் எங்கிருந்தெல்லாம் மெயில் போகிறது என்று தெரியும். மறந்துபோன வெப்சைட் ஃபார்ம், பழைய ஸ்கேனர் எல்லாம் தலை காட்டும். எல்லாம் சரியான பிறகு 'குவாரண்டைன்' (ஸ்பாமில் ஒதுக்கு) போடலாம்.

இதெல்லாம் பெரிய கம்பெனிகளுக்குத்தானே என்று முதலாளி கேட்பார். 2024 பிப்ரவரியிலிருந்து கூகுளும் யாஹூவும் சின்ன அனுப்புநருக்கும் எஸ்பிஎஃப், டிகிம் இரண்டில் ஒன்றாவது இருக்க வேண்டும் என்று ஆக்கிவிட்டன. ஒரு நாளைக்கு 5,000 மெயிலுக்கு மேல் அனுப்புபவருக்கு இரண்டும் வேண்டும், டிமார்க்கும் வேண்டும். இல்லாத மெயிலை ஜிமெயில் 550, 5.7.26 என்று சொல்லித் திருப்பும். இத்தாலிக்காரரின் கம்பெனி மெயிலும் கூகுளிலோ மைக்ரோசாஃப்டிலோ இருக்க வாய்ப்பு நிறைய.

ஒரு கிளைக்கதை. நம் பக்கத்துத் தோல் ஆபீஸ்களில் விசிட்டிங் கார்டில் இன்னும் யாஹூ முகவரி போட்டிருப்பவர்கள் உண்டு. அந்த முகவரியை 'ஃப்ரம்' ஆக வைத்து எந்த ரிலே வழியாகவும் அனுப்ப முடியாது. யாஹூ 2014 ஏப்ரலிலேயே டிமார்க்கில் 'ரிஜெக்ட்' (திருப்பிவிடு) போட்டுவிட்டது. யாஹூ சர்வரிலிருந்து போனால்தான் உண்டு. டேலியிலோ ஸ்கேனரிலோ யாராவது அப்படி அமைத்து வைத்திருந்தால், அந்த மெயில்கள் இத்தனை நாள் எங்கே போயின என்று இப்போது தெரிந்திருக்கும்.

இவ்வளவும் செய்த பிறகும் பிராட்பேண்ட் ரிலேயில் எனக்குப் பிடிக்காதது இரண்டு. ஒன்று, ஐபியின் பெயர். அந்த சர்வரில் உங்களோடு சேர்ந்து யார் யாரோ அனுப்புகிறார்கள். ஒருவர் அக்கவுண்ட் திருடு போய் ஒரு நாள் குப்பை கொட்டினால், சர்வர் ஐபி கறுப்புப் பட்டியலில் ஏறும். அன்று உங்கள் புரோஃபார்மா இன்வாய்ஸும் திரும்பும். டிகிம் இங்கே ஓரளவுதான் உதவும், வாசலிலேயே ஐபியைப் பார்த்துத் திருப்பும் சர்வர்களுக்கு உங்கள் கையெழுத்தைப் படிக்கும் பொறுமை கிடையாது. சப்போர்ட்டுக்கு ஃபோன் செய்தால் "சார், ரூட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்பார்கள். ஒரு ரிலே சர்வரின் ஐபி பட்டியலில் ஏறியிருப்பதைச் சொன்னால் புரிந்துகொள்ளும் ஆளை அந்த வரிசையில் பிடிப்பது கஷ்டம்.

இரண்டாவது, கேபிளையும் மெயிலையும் ஒரே ஆளிடம் கொடுப்பது. மழைக்கு ஃபைபர் அறுந்து, மொபைல் ஹாட்ஸ்பாட்டில் ஆபீஸை ஓட்டும் நாளில், அவர்கள் நெட்வொர்க்குக்கு வெளியிலிருந்து ரிலேயை விடுகிறார்களா என்று பாருங்கள். பாஸ்வேர்ட் இருந்தாலும் தங்கள் லைனிலிருந்து வந்தால்தான் வாங்குவோம் என்று வைத்திருக்கும் இடங்கள் உண்டு. இணைப்பை மாற்றினால் மெயிலும் நிற்கும். இப்போது உங்களுக்கு நடந்திருப்பதே அதுதானே.

ஆகவே என் யோசனை, மெயில் சுமப்பவரை கேபிள் இழுத்தவரிடமிருந்து பிரித்துவிடுங்கள். போஸ்ட்ஃபிக்ஸ் அப்படியே இருக்கட்டும். ரிலேஹோஸ்டில் மட்டும் மெயிலையே தொழிலாகச் செய்பவரின் சர்வரைப் போடுங்கள். அமேசானின் மெயில் அனுப்பும் சேவையான எஸ்இஎஸ்ஸுக்கு மும்பையில் சர்வர் இருக்கிறது, 1,000 மெயிலுக்கு 10 அமெரிக்க சென்ட். முதலில் சோதனைக் கட்டத்தில் வைத்திருப்பார்கள், தொழில் என்ன என்று எழுதிக் கொடுத்தால் திறந்துவிடுவார்கள். ஆட்கள் அனுப்பும் மெயில்தான் முக்கியம் என்றால், கூகுள் வொர்க்ஸ்பேஸோ, நம் சென்னைக்காரர்களின் ஜோஹோவோ எடுத்து, வருவது போவது இரண்டையும் அங்கேயே வைப்பது இன்னும் நிம்மதி. வொர்க்ஸ்பேஸில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 2,000 மெயில் வரை போகும், சாதாரண ஜிமெயிலில் 500. ஒரு யூனிட்டுக்கு இது தாராளம்.

ஸ்டாடிக் ஐபி வாங்கி நேரடியாக அனுப்புவதையும் சொல்வார்கள். அதற்கு 25 திறக்க வேண்டும், பிபிஎல்லிலிருந்து எடுக்க வேண்டும், ஐபிக்கு எதிர்த்திசையில் பெயர் சொல்லும் பிடிஆர் பதிவும் வேண்டும். அந்தப் பிடிஆரை நீங்கள் டொமைன் பேனலில் போட முடியாது, ஐபி யாருடையதோ அவர்தான் போட வேண்டும். முழுநேரம் பார்க்க ஆள் இருந்தால் செய்யலாம். அக்கவுண்ட்ஸ், ஜிஎஸ்டி, ஷிப்பிங் பில்லோடு சேர்த்து உங்கள் தலையில் ஏற்றாதீர்கள்.

எந்த ரிலே என்றாலும் அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள். லெதர் ஸ்வாட்ச் ஃபோட்டோக்களை ஃபோனில் எடுத்து அப்படியே பத்து பன்னிரண்டு இணைப்பது நம் ஆட்களின் வழக்கம். மெயிலில் ஏறும்போது ஃபைல் மூன்றில் ஒரு பங்கு பெருத்துவிடும். ஜிமெயிலின் 25 எம்பி என்பது நடைமுறையில் 18 எம்பி ஃபோட்டோதான். உங்கள் போஸ்ட்ஃபிக்ஸின் அளவு வரம்பை ரிலேயின் வரம்புக்குச் சமமாக வையுங்கள். அப்போதுதான் கட்டிங் செக்‌ஷன் சூப்பர்வைசர் 'சென்ட்' அழுத்திய உடனே அவுட்லுக்கிலேயே தவறு தெரியும். ராத்திரி இரண்டு மணிக்கு யாரும் பார்க்காத பவுன்ஸாக வராது.

உள்ளே பூட்டுவதும் உங்கள் வேலை. யாரைப் பாஸ்வேர்ட் கேட்காமல் விடலாம் என்று போஸ்ட்ஃபிக்ஸுக்குச் சொல்லும் மைநெட்வொர்க்ஸ் வரியில் ஆபீஸ் நெட்வொர்க் முழுவதையும் போட்டிருந்தால், வைஃபை பாஸ்வேர்ட் தெரிந்த எந்த ஃபோனும் உங்கள் சர்வர் வழியாக, உங்கள் கையெழுத்தோடு மெயில் அனுப்பும். அதைச் சுருக்கி, ஆட்களை 587இல் லாகின் செய்து அனுப்ப வையுங்கள். ஸ்கேனருக்கு மட்டும் அதன் ஐபியைத் தனியாக அனுமதியுங்கள். ஏற்றுமதிக்காரர்களுக்கு நடுவில் 'எங்கள் பேங்க் அக்கவுண்ட் மாறிவிட்டது' என்று பையருக்குப் போலி மெயில் போகும் மோசடி இருப்பது உங்களுக்கே தெரியும். டிமார்க் உங்கள் டொமைன் பெயரை அப்படியே போட்டு வரும் போலியைத் தடுக்கும். ஓர் எழுத்து மாற்றி வாங்கிய டொமைனைத் தடுக்காது. அக்கவுண்ட் மாற்றம் என்றால் ஃபோனில் கேட்காமல் பணம் போடாதே என்று பையரிடம் இப்போதே சொல்லி வைப்பதுதான் அதற்கு வழி.

கடைசியாக, தேங்கிக் கிடக்கும் க்யூ. போஸ்ட்ஃபிக்ஸ் வழக்கமாக ஒரு மெயிலை 5 நாள் வைத்திருந்து முயலும், பிறகு அனுப்பியவருக்கே திருப்பிவிடும். நடுவில் 'இன்னும் போகவில்லை' என்று ஒரு வார்த்தை சொல்லாது, ஏனென்றால் தாமத எச்சரிக்கை என்ற அமைப்பு ஆரம்பத்தில் பூஜ்யத்தில் இருக்கும். அதை 4 மணி நேரம் என்று மாற்றுங்கள். இத்தாலிக்கும் நமக்கும் கோடையில் மூன்றரை மணி நேரம், குளிர்காலத்தில் நாலரை மணி நேரம் வித்தியாசம். காலையில் அனுப்பியது போகவில்லை என்றால், அவர் மதியச் சாப்பாட்டுக்கு எழுவதற்குள் உங்களுக்குத் தெரிந்துவிடும்.

புது ரிலே வேலை செய்கிறது, ஷோ ஒரிஜினலில் உங்கள் பெயர் வருகிறது என்று உறுதியான பிறகுதான் க்யூவைத் தொடுங்கள். அதுவரை எல்லாவற்றையும் 'ஹோல்ட்' போட்டு வையுங்கள், அப்போது 5 நாள் கணக்கில் திரும்பிப் போகாது. பிறகு பட்டியலை முதலாளியோடு உட்கார்ந்து பாருங்கள். பழைய விலை போட்ட கொட்டேஷன், ஃபோனிலேயே பேசி முடித்த சாம்பிள் விஷயம், கடுப்பில் இரண்டு மூன்று முறை அனுப்பிய அதே மெயில், இவற்றை க்யூ எண்ணைப் பார்த்து நீக்கிவிடுங்கள். க்யூவில் இருந்தபோது கையெழுத்து போடப்படாத மெயில்களை, போஸ்ட்சூப்பர் கட்டளையால் 'ரீக்யூ' (மறுபடி வரிசையில் ஏற்றுவது) செய்தால் மட்டும் கையெழுத்து ஏறும் என்று நம்பாதீர்கள். முக்கியமானதை அவுட்லுக்கின் சென்ட் ஃபோல்டரிலிருந்து எடுத்துப் புதிதாக அனுப்பிவிட்டு, க்யூவில் இருப்பதை நீக்குங்கள். தேதியும் சரியாக இருக்கும். மீதியை ஹோல்டிலிருந்து விடுவியுங்கள், ஆனால் மொத்தமாக வேண்டாம். புது ரிலேயில் முதல் நாளே கும்பலாக மெயில் கொட்டினால், அவர்கள் கணினி உங்களைத்தான் ஸ்பாமர் என்று நினைத்து அக்கவுண்டை நிறுத்தும். பத்துப் பத்தாக விடுங்கள், லாகில் 250 வருகிறதா பாருங்கள், அப்புறம் அடுத்த பத்து.